ஆஷாடம் முடிந்தால் ஆடி

ஆடுகோடியில் மரகதம் வீடு எது என்று கேட்டால் ஒருவரும் வழி சொல்ல மாட்டார்கள். நாய் வைத்திருக்கிற டைலரம்மா வீடு என்று கேட்டால் டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே கை காட்டுவார். குடியாத்தத்தில் பிறந்து, கல்யாணமாகி பெங்களூருக்கு வந்து, சந்து முழுக்க உள்ள பெண்களுக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்தும், கடைசியில் ஒரு நாயை வைத்துத்தான் தன்னை அடையாளம் சொல்கிறார்கள் என்பதில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. உள்ளுக்குள் பெருமையும் உண்டு. பெருமைதான் கூடுதல்.

நாயின் பெயர் போல்ட்டு. கணவன் கணேசமூர்த்தி வேலை பார்த்த ஒர்க்‌ஷாப்பில், மில்லிங் மெஷினுக்கு அடியில் ஒரு மழைக்காலத்தில் வந்து ஒண்டிக்கொண்ட குட்டி. கீழே எது விழுந்தாலும் கவ்விக்கொண்டு ஓடியதால் அங்கிருந்தவர்களே அந்தப் பெயரை வைத்தார்கள். முதலாளி அதைத் துரத்தச் சொன்ன அன்று, கணேசமூர்த்தி சாப்பாட்டுப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டான்.

"ரெண்டு நாளைக்குத்தான்" என்றான்.

மரகதம் ஒரு கிண்ணத்தில் பாலை ஊற்றிக் கீழே வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே இரண்டு நாள் கணக்கெல்லாம் முடிந்துபோயிற்று. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றிப் பேச உறவில் ஆயிரம் பேர் இருந்தார்கள், இங்கேயும் அந்தப் பேச்சு வேண்டாம். பகல் முழுக்கத் தையல் மெஷினோடு தனியாக இருந்தவளுக்கு, பெடல் பக்கத்தில் சுருண்டு படுத்துக்கொண்டு அந்த ஆட்டத்திலேயே தூங்கிப் போகிற ஒரு உயிர் கிடைத்தது. அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் பெங்களூரில் நாயோடு வாடகைக்கு வீடு தேடிப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். எத்தனை பேர், எங்கே வேலை, சொந்த ஊர் எது, கறி மீன் உண்டா என்று ஓனர்கள் வரிசையாகக் கேட்பார்கள். மரகதம் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருப்பாள். பேச்செல்லாம் முடிந்து சாவியைக் கையில் கொடுக்கப் போகிற நேரத்தில், "ஒரு நாய் இருக்குதுங்க" என்பாள். சாவி அப்படியே ஓனரின் சட்டைப் பைக்குள் திரும்பிப் போகும். மறைத்து வைத்து அழைத்துப் போகலாம் என்று புரோக்கர்கள் யோசனை சொன்னார்கள். குரைக்கிற ஒன்றை எங்கே மறைப்பது? ஒரு வீட்டில் நாய் மொட்டை மாடியிலேயே இருக்க வேண்டும் என்றார்கள், இன்னொரு வீட்டில் பக்கத்துக் குடித்தனம் ஒத்துக்கொள்ளவில்லை. பால் காய்ச்சிக் குடியேறுவதும், அதே அடுப்பைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ தேடுவதுமாகச் சில வருஷங்கள் போயின.

அப்படி அலைந்து கடைசியில் கிடைத்ததுதான் நஞ்சுண்டப்பாவின் வீடு. கீழே ஓனர், மேலே இவர்கள், வெளிப்பக்கமாக ஒரு மாடிப்படி. நஞ்சுண்டப்பா சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ரிடையர் ஆனவர். அதிர்ந்து பேச மாட்டார். அவருடைய மனைவி பார்வதம்மாவுக்குக் கன்னடம் வீட்டுப் பாஷை. ஆனால் பிறந்ததிலிருந்து தமிழ்க் குடும்பங்களுக்கு நடுவிலேயே இருந்ததால், தமிழில் கன்னடத்தைக் கலந்து சரளமாகச் சண்டை போடுவாள். அந்த வருஷம் சந்தில் பித்தளைப் பாத்திரங்கள் திருடு போய்க்கொண்டிருந்தன. அதனால் நாய் என்று சொன்னதும் பார்வதம்மா முகம் சுளிக்கவில்லை.

"நாய் இருக்கட்டும், ஒள்ளேதே ஆச்சு, நல்லதுதான். ஆனா எங்க வீட்டு வாசப்படி தாண்டக் கூடாது. துளசிகிட்ட போகக் கூடாது" என்றாள்.

போல்ட்டு தாண்டவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் நிம்மதியாகப் போயிற்று. மரகதம் பார்வதம்மாவுக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்தாள், பார்வதம்மா அவரைக்காய்க் காலத்தில் உப்பிட்டு என்கிற உப்புமா செய்து மேலே அனுப்பினாள். இனி வீடு மாறவே வேண்டாம் என்று மரகதம் சுவரில் ஆணி அடித்து, கல்யாண போட்டோவை மாட்டினாள். முன்பிருந்த வீடுகளில் அந்தப் போட்டோ பெட்டியை விட்டு வெளியே வந்ததே இல்லை.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் கோடையில் நஞ்சுண்டப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரியில் சில நாள் இருந்து திரும்பி வந்தார். உயிர் பிழைத்ததே பெரிய காரியம் என்று எல்லோரும் சொன்னார்கள். பார்வதம்மா வேண்டிக்கொண்டபடி நஞ்சன்கூடு கோயிலுக்குப் போய்வந்தாள், வரும்போது வெண்கலத்தில் ஒரு பெரிய மணியும் வாங்கி வந்தாள். பூஜை அறை வாசலில் தொங்கவிட வேண்டிய மணி அது. அதற்கு ஒரு கெட்டிச் சங்கிலி வாங்கிவர வீட்டில் ஆளில்லை. ஆகவே விடிந்ததும் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவளே ஆட்டினாள்.

முதல் நாள் மணி ஒலித்ததும், மாடியில் தூங்கிக்கொண்டிருந்த போல்ட்டு எழுந்து உட்கார்ந்தது. கழுத்தை உயர்த்தியது. கண்ணை மூடிக்கொண்டு ஊளையிட்டது. மணி நிற்கிறவரை ஊளையும் நிற்கவில்லை. மணி நின்றதும், ஒன்றுமே நடக்காததுபோல மறுபடியும் சுருண்டுகொண்டது.

நாய் ஊளையிட்டால் அந்தப் பக்கம் ஒரு சாவு விழும் என்று குடியாத்தத்திலும் சொல்வார்கள், பார்வதம்மாவின் ஊரிலும் சொல்வார்கள். அதில் மட்டும் இரண்டு மாநிலத்துக்கும் தகராறு கிடையாது. ஊளை அடங்க வாசலில் கிடக்கும் செருப்பைக் கவிழ்த்துப் போடச் சொல்வார்கள். மரகதம் மறுநாள் வீட்டிலிருந்த செருப்பையெல்லாம் கவிழ்த்துப் போட்டாள். கணேசமூர்த்தி ஒரு காலில் தன் செருப்பையும் மறு காலில் அவள் செருப்பையும் மாட்டிக்கொண்டு அவசரமாக வேலைக்குப் போனதுதான் மிச்சம். போல்ட்டு தினமும் மணிக்குத் தவறாமல் ஊளையிட்டது.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, பார்வதம்மா படிக்கட்டுக்குக் கீழே நின்று மரகதத்தைக் கூப்பிட்டாள். முழங்கால் வலியால் அவள் மாடி ஏறுவதில்லை.

"மரகதா, நான் கெட்டவ அல்ல. உனக்கே கொத்து, தெரியும். ஆனா அது கத்தறதைக் கேட்டா என் கை காலெல்லாம் நடுங்குது. இவரு ராத்திரியெல்லாம் முழிச்சுக்கிட்டே இருக்காரு, விடியறப்பதான் கொஞ்சம் கண்ணசர்றாரு. அந்த நேரத்துல மேலேருந்து யமனைக் கூப்பிடற மாதிரி ஒரு சத்தம். நான் என்ன செய்யட்டும்? இந்த மாசம் முடியறதுக்குள்ள நாயை எங்கயாவது விட்டுடு. இல்லன்னா வீட்டைக் காலி பண்ணிடு. தப்பா நெனச்சுக்காதே."

மரகதம் சரியென்று தலையாட்டிவிட்டு மாடிக்கு ஏறினாள். பேசத் தெரியாதவள் இல்லை அவள். ஆனால் அந்த ஊளையைக் கேட்டு அவளே பயந்துகொண்டிருந்தாள். தன் தாலியை நினைத்துப் பயப்படுகிற ஒருத்தியிடம் என்ன சட்டம் பேசுவது?

சட்டம் பேச கணேசமூர்த்தி இருந்தான். "பதினோரு மாச அக்ரிமென்ட் ஆடி கழிச்சும் இருக்குது. நாயோடதான் வந்தோம், தெரிஞ்சுதானே குடுத்தாங்க? கேட்டுட்டு வரேன்" என்று கிளம்பினான். கீழே போய்க் கூடத்தில் நின்று குரலை உயர்த்தினான். நஞ்சுண்டப்பா நாற்காலியில் சாய்ந்தபடி பொறுமையாகக் கேட்டார். நடுவில் நெஞ்சின்மேல் கையை வைத்தார். அவ்வளவுதான், பார்வதம்மா "அய்யோ தேவரே" என்று அலறினாள், கணேசமூர்த்தி படிக்கட்டை நாலு நாலாகத் தாவி மாடிக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டான். மனுஷன் சட்டைப் பையில் மூக்குக்கண்ணாடியைத் தேடினார் என்பது பிறகுதான் தெரிந்தது. ஆனாலும் அதோடு கணேசமூர்த்தியின் வீரம் அடங்கிவிட்டது.

"சண்டை போட்டுட்டு மேலயும் கீழயும் எப்படிங்க இருக்கறது?" என்றாள் மரகதம். "நாளைக்கு சாருக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா நம்ம போல்ட்டு மேலதான் பழி வரும். நமக்கே மனசு ஒப்பாது."

வீடு தேடினார்கள். ஜோகுபாளையம் வரைக்கும் போய்ப் பார்த்தார்கள். பழைய கதைதான், நாய் என்ற சொல் வந்ததும் சாவி பைக்குள் போயிற்று. மிச்சமிருந்தது ஒரே வழி. அத்திபெலேயில் கணேசமூர்த்தியின் அக்கா கணவர் பாலசுப்ரமணியன் தகர ஷீட் வியாபாரம் செய்துகொண்டிருந்தார். அவருடைய குடோனுக்குக் காவல் நாய் வேண்டும் என்று வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தார்கள்.

"சாப்பாட்டுக்குக் குறை இருக்காது தங்கச்சி" என்றார் பாலசுப்ரமணியன். மனதில் கள்ளமில்லாத ஆள். "கட்டிப் போட்டா அது பாட்டுக்குக் கெடக்கும். அவுத்து மட்டும் விட முடியாது. லாரிங்க வந்துட்டே இருக்கும், அடிபட்டுடும்."

குடோன் வாசலில் ஒரு இரும்பு முளை இருந்தது. அதைச் சுற்றி, முன்பிருந்த நாய் நடந்து நடந்து தேய்ந்த மண் வட்டமாகத் தெரிந்தது. மரகதம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். தையல் மெஷின் அருகே தூங்கிப் பழகியது இந்த வட்டத்துக்குள் எப்படி இருக்கும்? கிளம்பும்போது பாலசுப்ரமணியன் புதிதாக வாங்கிய ஒரு சங்கிலியைக் கணேசமூர்த்தியின் பையில் போட்டார். "இப்பலேருந்தே கட்டிப் பழக்கு" என்றார். நல்ல கெட்டிச் சங்கிலி. வீட்டுக்கு வந்ததும் போல்ட்டு அதை மோந்து பார்த்துவிட்டு, வாலை ஆட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டது. மரகதம் சங்கிலியைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, குளியலறையில் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அழுது முகம் கழுவிவிட்டு வந்தபோதுதான், சுவரில் தொங்கிய காலண்டர் அவள் கண்ணில் பட்டது.

மறுநாள் கீழே போனாள். "அம்மா, மாசக் கடைசியில காலி பண்றேன்னு ஒத்துக்கிட்டேன். ஆனா அதுக்குள்ள உங்க ஆஷாடம் பொறந்துடுதே" என்றாள்.

பார்வதம்மா துளசிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். சொம்பு பாதியில் நின்றது. ஆஷாட மாசத்தில் கன்னடக்காரர்கள் ஒரு நல்ல காரியமும் செய்ய மாட்டார்கள். புது மருமகளைக்கூடப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த மாசத்தில் ஒருத்தியின் அடுப்பைத் தூக்கி வெளியே வைப்பதாவது!

"சே சே, ஆஷாடத்துல பேடா, வேண்டாம்! என் வீட்டு வாசல்லேருந்து அந்த மாசத்துல ஒரு குடும்பம் கிளம்பினா எனக்குத்தானே தோஷம்? ஆஷாடம் கழியட்டும்" என்றாள். உள்ளேயிருந்து நஞ்சுண்டப்பா ஏதோ சொல்லப் பார்த்தார். "நீங்க சும்மா இருங்க" என்று அவரையும் அடக்கினாள்.

மரகதத்துக்கு உயிர் வந்தது. ஒரு மாசத்தில் ஏதாவது வழி பிறக்கும் என்று மெஷினில் உட்கார்ந்து பெடலை மிதித்தாள். வழி ஒன்றும் பிறக்கவில்லை. மணி ஒலித்தது, போல்ட்டு ஊளையிட்டது, வீடு கிடைக்கவில்லை, ஆஷாடமும் முடிந்துபோயிற்று.

இந்தமுறை நஞ்சுண்டப்பாவே மெதுவாகப் படிக்கட்டுக்குக் கீழே வந்து நின்றார். ஆஸ்பத்திரிக்குப் பிறகு அவர் அவ்வளவு தூரம் நடந்ததே அன்றுதான். "மரகதம், ஆஷாடா முகிதித்தல்லா? முடிஞ்சுபோச்சு. அவ கேக்கச் சொன்னா" என்றார். அவர் குரலில் கேட்கப் பிடிக்காத கூச்சம் தெரிந்தது.

"முடிஞ்சுது சார். ஆனா எங்க ஆடி இப்பதான் பொறந்திருக்குது. ஆடியில நாங்க வீடு மாறக் கூடாது சார்."

"ஏனு? உங்க ஆஷாடா வேறயா?"

"வேற சார். நீங்க அமாவாசையிலேருந்து அமாவாசைக்குக் கணக்கு பண்றீங்க. எங்களுது அப்படி இல்ல, சூரியக் கணக்கு. ஆவணி பொறந்தாதான்."

நஞ்சுண்டப்பா விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். பிறகு, ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் முதல்முறையாக, தோள் குலுங்கச் சிரித்தார். "பார்வதி, கேட்டியா? உன் ஆஷாடா முடிஞ்சா இவ ஆஷாடா ஆரம்பம். வேற பாஷைக்காரனா இருந்தா இன்னொரு மாசம் கேட்டிருப்பான்" என்று உள்ளே பார்த்துச் சொன்னார்.

பார்வதம்மா சிரிக்கவில்லை. சாஸ்திர விஷயத்தில் அவளுக்குச் சிரிப்பு வராது. "அவங்க சாஸ்திரம் அவங்களுக்கு. நம்ம ஆஷாடத்தை அவ மதிச்சா, அவ ஆடியை நாம மதிக்கணும். ஆனா மரகதா, ஆவணி முதல் ஞாயித்துக்கிழமை வண்டி நிக்கணும். அதுக்கு மேல சாக்கு சொன்னா கேக்க மாட்டேன்" என்றாள்.

ஆடிக்கு நடுவில் வரமகாலட்சுமி பூஜை வந்தது. அன்றைக்கு மஞ்சள் குங்குமத்துக்குச் சுமங்கலிகளை அழைக்க வேண்டும், சண்டைக்காரியாக இருந்தாலும் விட்டுவிடக் கூடாது. பார்வதம்மா முறையாக மரகதத்தையும் அழைத்தாள். கூடம் நிறையப் பெண்கள். அலங்காரம் முடிந்து ஆரத்தி எடுக்கும்போது பார்வதம்மா மணியைத் தூக்கினாள். மரகதம் கண்ணை மூடிக்கொண்டாள். மேலேயிருந்து போல்ட்டு, அதுவும் பண்டிகைக்கென்றே குரலைக் கூட்டிக்கொண்டதுபோல, நீளமாக இழுத்தது.

எதிர் வீட்டு அனந்தலக்ஷ்மி தாம்பூலத்தைக் கையில் வைத்துக்கொண்டே, "ஐயையோ, நெஞ்சுவலிக்காரர் இருக்கிற வீட்டுலயா?" என்றாள். பார்வதம்மா மணியைக் கீழே வைத்துவிட்டாள். மரகதம் வெற்றிலை பாக்கை முந்தானையில் முடிந்துகொண்டு யார் முகத்தையும் பார்க்காமல் மாடிக்கு ஏறிப்போனாள். அவமானமாக இருந்தது. போல்ட்டு வாலை ஆட்டிக்கொண்டு வந்து அவள் மடியில் தலையை வைத்தது. அதைத் திட்டவும் மனது வரவில்லை.

அன்றைக்குத்தான் ஒரு முடிவுக்கு வந்தாள். அழுதுகொண்டிருந்தால் வண்டி வந்துவிடும். இந்த ஊளையை நிறுத்தியே ஆக வேண்டும், நிறுத்திக் காட்டினால் பார்வதம்மா மனம் மாறலாம். காதைப் பொத்திப் பார்த்தாள், போல்ட்டு அதை விளையாட்டு என்று நினைத்தது. ரேடியோவைச் சத்தமாக வைத்தாள், ரேடியோவையும் சேர்த்துக்கொண்டு ஊளையிட்டது. பிஸ்கட்டை நீட்டினாள், ஒரே வாயில் விழுங்கிவிட்டுத் தொடர்ந்தது. கடைசியில் ஒருநாள் மளிகைக் கடையில் கண்ணாடி ஜாடியில் இருந்த கடலைமிட்டாயைப் பார்த்தாள். வெல்லப்பாகு நன்றாக இறுகி, மனுஷருக்கே பல்லில் ஒட்டிக்கொள்கிற மிட்டாய். கை நிறைய வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் விடிந்ததும், பார்வதம்மா வாசல் தெளிக்கிற சத்தம் கேட்டபோதே, ஒரு பெரிய துண்டை எடுத்துப் போல்ட்டுவின் வாயில் வைத்தாள். கீழே மணி ஒலித்தது. போல்ட்டு கழுத்தைத் தூக்கியது. தூக்கின கழுத்து அப்படியே நின்றது. மேல்பல்லும் கீழ்பல்லும் பாகில் ஒட்டிக்கொள்ள, நாக்கால் துழாவிக்கொண்டு, மரகதத்தைக் குழப்பமாகப் பார்த்தது. ஒரு சத்தம் வரவில்லை. மணி நின்றது.

மரகதத்துக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. "என் ராஜா, என் கண்ணு" என்று போல்ட்டுவைக் கட்டிக்கொண்டாள்.

அப்போது மறுபடியும் மணி ஒலித்தது. பூஜையில் இரண்டாம் தரம் மணி அடிக்கிற வழக்கமே இல்லை. சோதித்துப் பார்க்கிறாள் போலிருக்கிறது என்று மரகதம் அவசரமாக இன்னொரு துண்டைத் திணித்தாள். மூன்றாம் தரமும் ஒலித்தது, நீளமாக, படபடப்பாக. போல்ட்டு மென்றுகொண்டே இருந்தது. மணி நடுவில் அறுந்ததுபோல நின்றது. பிறகு மாடிப்படியில் யாரோ ஏறி வருகிற சத்தம் கேட்டது. ஒரு படி, ஒரு மூச்சு, ஒரு படி, ஒரு மூச்சு.

கதவைத் திறந்தால் பார்வதம்மா. முழங்கால் வலியோடு முதல் தடவையாக மாடி ஏறி வந்திருக்கிறாள். கையில் மணி. முகத்தில் ரத்தமே இல்லை.

"நாய் எல்லி, எங்கே? என்ன ஆச்சு அதுக்கு?"

"ஒண்ணும் ஆகலம்மா, நல்லாத்தான் இருக்குது. இனிமே கத்தாதும்மா. நான் பழக்கிட்டேன்."

"பழக்கிட்டியா? யாரைக் கேட்டு பழக்கினே?" பார்வதம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "அது இத்தனை நாள் கத்திச்சு. இவரு நல்லாத்தானே ஆனாரு? ஊட்டா பண்ண, நல்லா சாப்பிட ஆரம்பிச்சாரு, நடந்தாரு. முந்தாநாள் டாக்டர்கூட ஏனும் பயமில்லைன்னாரு. நான் யோசனை பண்ணிப் பார்த்தேன். அது யமனைக் கூப்பிடல மரகதா. வாசல்ல வந்து நிக்கறவனைத் தினமும் துரத்துது. இதை உன்கிட்ட வந்து சொல்ல எனக்கு வெக்கமா இருந்துச்சு. காலி பண்ணுன்னு சொன்ன வாயி." படிக்கட்டைத் திரும்பிப் பார்த்தாள். "இன்னிக்கு அது கத்தல. இவரும் இன்னும் எழுந்திருக்கல."

மரகதம் வேறெதையும் யோசிக்கவில்லை, படியில் இறங்கி ஓடினாள். போல்ட்டுவும் பின்னாலேயே ஓடியது. பார்வதம்மா மெதுவாக இறங்கி வந்து படுக்கையறை வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே காலெடுத்து வைக்க அவளுக்குத் தைரியமில்லை.

நஞ்சுண்டப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது.

"சார்" என்று கூப்பிட்டாள் மரகதம். அசைவில்லை. "சார், சார்" என்றாள் இன்னும் சத்தமாக. கடவுளே, ஒரு கடலைமிட்டாயை நம்பி இப்படியா, ஊரில் இருக்கிற நாயெல்லாம் கத்திவிட்டுப் போகட்டுமே, நான் ஏன் வாயை அடைத்தேன்?

தாண்டவே கூடாத வாசலை எப்போதோ தாண்டி உள்ளே வந்துவிட்ட போல்ட்டு, தொங்கிய அந்தக் கையை மோந்து பார்த்தது. பிறகு பாகு வழிகிற நாக்கால் விரல்களை ஒவ்வொன்றாக நக்கியது.

விரல் மடங்கியது.

"பார்வதி" என்றார் நஞ்சுண்டப்பா, கண்ணைத் திறக்காமலே. "கை மேல பெல்லா கொட்டிட்டியா? ஒட்டுது." வெல்லத்தைத்தான் சொன்னார். பிறகு திரும்பிப் பார்த்தார். நாய், மாடி வீட்டுப் பெண், வாசலில் மணியோடு மனைவி. மூன்று முகத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு எழுந்து உட்கார்ந்தார். "மணி எத்தனை? வெயில் வந்துடுச்சே! தினமும் இவன்தானே கத்தி என்னை எழுப்புவான்? உன் மணி என்னை என்னைக்கு எழுப்பிச்சு? இன்னிக்கு ஏன் கத்தல? எத்தனை நாளாச்சு இப்படித் தூங்கி!"

பார்வதம்மா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்தாள். முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை, இரண்டும்தான். மரகதமும் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். நெஞ்சில் இவ்வளவு நாளாக இருந்த பாரம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. போல்ட்டு இருவரையும் தாண்டிப் போய் துளசி மாடத்தருகே காலைத் தூக்கப் பார்த்தது. "ஏய்" என்று இரண்டு பெண்களும் ஒரே குரலில் அதட்டினார்கள்.

"ஆவணி முதல் ஞாயித்துக்கிழமை போறேன்னு சொன்னே இல்ல?" என்றாள் பார்வதம்மா, மூக்கைத் துடைத்துக்கொண்டு.

"ஆமாம்மா. இவரு வேனுக்குக்கூட சொல்லிட்டாரு."

"போகக் கூடாது."

"ஆவணி நல்ல மாசம்தானேம்மா?"

"உன் ஆடி வேறன்னு சொன்னப்ப நான் ஒத்துக்கல்லயா? இப்ப நீ ஒத்துக்கோ. எங்க ஆவணி வேற."

மரகதம் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. உள்ளே நஞ்சுண்டப்பா, "எனக்கு ஒரு கண்டிஷன் இருக்கு. பூஜையை ஒரு அரை மணி நேரம் தள்ளிப் போடு. நானும் கொஞ்சம் தூங்கறேன், அவனும் கொஞ்சம் தூங்கட்டும்" என்றார்.

கணேசமூர்த்தி அன்று மாலை வேலையிலிருந்து வந்து கதை முழுவதையும் கேட்டான். நம்பவில்லை. போல்ட்டுவின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தபிறகுதான் நம்பினான். வேன்காரரிடம் சொல்லி நிறுத்தினான், மாமாவுக்கு எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் செய்தான். பிறகு கட்டிலுக்கு அடியில் குனிந்து, அத்திபெலேயிலிருந்து வந்த சங்கிலியை இழுத்தான்.

"இதை என்ன செய்ய? மாமாவுக்கே திருப்பிக் குடுத்துடலாமா?"

மரகதம் அதைக் கையில் வாங்கிக்கொண்டு கீழே இறங்கினாள்.

"நாய்ச் சங்கிலியா சாமி மணிக்கு?" என்று பார்வதம்மா முதலில் தயங்கினாள்.

"இன்னும் அது கழுத்துல ஏறலம்மா. புதுசு."

பார்வதம்மா அதை வாங்கி, மஞ்சள் தண்ணீரில் போட்டு, புளி தேய்த்துக் கழுவி, துடைத்துக் கொடுத்தாள். கணேசமூர்த்தி ஸ்டூலில் ஏறி, பூஜை அறை வாசலில் கொக்கி அடித்து மணியைத் தொங்கவிட்டான். அவ்வளவு கனமான மணிக்கு அளவெடுத்துச் செய்ததுபோல இருந்தது அந்தச் சங்கிலி.

மறுநாள், அரை மணி நேரம் தள்ளித்தான், மணி ஒலித்தது. மாடியில் போல்ட்டு எழுந்து உட்கார்ந்து, கழுத்தை உயர்த்தி, ஒரு குறையும் வைக்காமல் ஊளையிட்டது. கீழே நஞ்சுண்டப்பா "பந்தே, பந்தே, வந்துட்டேன்" என்று எழுந்து செருப்பைத் தேடுகிற சத்தம் கேட்டது. மரகதம் மெஷினில் உட்கார்ந்து பார்வதம்மாவின் ரவிக்கைத் துணியை விரித்தாள். அவளுடைய கல்யாண போட்டோ அதற்குப் பிறகு அந்தச் சுவரிலிருந்து இறங்கவே இல்லை.